ஓராண்டு எல்எல்.எம்.: அரசமைப்புச் சட்டம் படிக்க 24 கிரெடிட் போதுமா?

அரசமைப்புச் சட்டத்திலும் நிர்வாகச் சட்டத்திலும் மேற்படிப்பு (எல்எல்.எம்.) படிக்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உள்ள இரண்டாண்டுப் படிப்பு. மற்றது, 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வழிவிட்ட பிறகு தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பரவிய ஓராண்டுப் படிப்பு. இந்த இரண்டாவதைத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

யுஜிசி வகுத்த கணக்கு 24 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் மதிப்பலகு). ஆய்வு முறையும் சட்ட எழுத்தும், ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், உலகமயச் சூழலில் சட்டமும் நீதியும் ஆகிய மூன்று கட்டாயப் பாடங்களுக்கு 9 போய்விடும். விருப்பப் பாடங்கள் ஆறு, தலா 2. மிச்சம் ஆய்வேட்டுக்கு. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சிறு மாற்றம் இருக்கும், சட்டகம் இதுதான். பொதுச் சட்டம் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு லாபம்: வணிகச் சட்டம் எடுத்தவர் கடமைக்குப் படிக்கும் ஒப்பீட்டுப் பொதுச் சட்டம் இவர்களுக்குச் சொந்தப் பாடம். நஷ்டமும் உண்டு. 2 கிரெடிட் என்றால் சுமார் 30 மணி நேர வகுப்பு. கூட்டாட்சி முழுவதையும் அதற்குள் அடக்க வேண்டும். மாநில ஆட்சிக் கலைப்புக்கு வரம்பு வகுத்த 1994-ன் பொம்மை தீர்ப்பில் எந்த நீதிபதி எதில் யாரோடு ஒத்துப்போனார் என்று பிரித்துப் பார்க்கவே ஒரு வாரம் வேண்டும். வகுப்பில் அதற்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது.

பலர் சறுக்குவது ஆய்வேட்டில். 'ஆளுநரின் அதிகாரங்கள்' என்று தலைப்பு வைத்தால் அரசமைப்பு வரலாற்றிலேயே பாதிப் பக்கம் தீர்ந்துவிடும். குறுக்கிப் பாருங்கள்: மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய பிரிவு 200-ன் முதல் வரம்புரை (proviso), அதிலும் 'கூடிய விரைவில்' என்ற சொற்கள். உச்ச நீதிமன்றத்தின் 2023 பஞ்சாப் தீர்ப்பு, 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொண்ட 2025 ஏப்ரல் தமிழ்நாடு தீர்ப்பு, காலக்கெடுவையும் 'ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதையும்' ஏற்காமல், குடியரசுத் தலைவர் கேட்டதற்கு அந்த நீதிமன்றம் தந்த 2025 நவம்பர் கருத்துரை. மூன்றையும் பத்தி பத்தியாக ஒப்பிட்டு, அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களில், பிரிவு 200-ன் வரைவான பிரிவு 175-க்குப் போங்கள். அந்த வரம்புரையில் முதலில் இருந்த 'தன் விருப்புரிமைப்படி' என்ற சொற்கள் ஏன் நீக்கப்பட்டன என்பது அங்கே இருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்கக்கூடிய, படிக்கத் தகுந்த ஆய்வேடு இது. தலைப்பை முதல் பருவத்தின் இரண்டாம் மாதத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் நல்ல வழிகாட்டிகளிடம் இடம் இருக்காது.

நுழைவுக்கு, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் பொதுத் தேர்வான கிளாட் முதுநிலைத் தேர்வு: 120 கேள்விகள், 2 மணி நேரம், தவறுக்கு 0.25 குறையும். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஐலெட் என்ற தனித் தேர்வு. கிளாட்டில் தீர்ப்புப் பகுதிகளைக் கொடுத்துக் கேட்பதால் கைடு புத்தகச் சுருக்கம் கைகொடுக்காது. தேர்தல் பத்திரத் தீர்ப்பு (2024), உள் ஒதுக்கீட்டுத் தீர்ப்பு (2024) போன்றவற்றை நீதிபதிகள் தனியாக எழுதிய ஒத்த, மாறுபட்ட தீர்ப்புகளோடு சேர்த்து முழுமையாக வாசியுங்கள்.

கட்டணம்தான் உறுத்துகிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் விடுதியோடு சேர்த்து லட்சங்களில் வரும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதைவிட வெகு குறைவு. ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால், எல்எல்.எம்.-ல் 55 சதவீதமும், நெட் அல்லது செட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும்தான் பொதுவான அடிப்படைத் தகுதி. அதற்கு இரண்டாண்டுப் படிப்பு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. வாசிக்கவும் எழுதவும் கூடுதலாக ஓராண்டு தருகிறது. ஓராண்டுப் படிப்பை நிறுத்த பார் கவுன்சில் 2020-ல் விதி வகுத்ததும், அது உச்ச நீதிமன்றம் வரை போய் அமல் தள்ளிப்போனதும் நினைவில் இருக்கட்டும். பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் நிலையைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே, அரசமைப்புச் சட்ட விருப்பப் பாடங்களில் எத்தனை உண்மையிலேயே நடக்கப்போகின்றன என்றும் கேளுங்கள். கையேட்டில் பத்து இருக்கும். போதிய மாணவர் சேராவிட்டால் நான்குதான் நடக்கும்.