1/10 அளவு மின் ஹைட்ரோபிளேன்: பல பருவங்கள் ஓட்டியபின் எழுதும் அனுபவம்

ரேடியோவால் ஓட்டும் மாடல் படகு கைக்கு வந்த முதல் வாரத்தில் எழுதும் விமர்சனங்களைப் படித்தால் எல்லாப் படகும் வேகமானது, எல்லா மோட்டாரும் அருமையானது. ஹைட்ரோபிளேன் விஷயத்தில் அந்த முதல் வாரம் ஒன்றும் சொல்லாது. எது தேயும், எது எரியும், எது பல பந்தயப் பருவங்கள் தாண்டியும் அப்படியே நிற்கும் என்பது நிறைய ஓட்டிய பிறகுதான் தெரியும். என்னிடம் இருப்பவை இரண்டு படகுகள். இரண்டும் 1/10 அளவு, பிளைவுட்டில் கையால் கட்டியவை, நான்கு செல் லிப்போ பேட்டரியில் ஓடுபவை. ஒன்று 1950-இல் ஓடிய ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற படகின் வடிவம், மூக்கு வட்டமாக இருக்கும். மற்றது மூக்கு நடுவில் பிளந்து இரண்டு கொம்பாக நீளும் பிற்கால வடிவம். ஓட்டுபவர்கள் இதை பிக்கிள்ஃபோர்க் என்பார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கவனம் முதலில் போக வேண்டியது புரொப்பெல்லர் மீது, அடுத்து அதை நீரில் பிடித்து நிறுத்தும் சில மில்லிமீட்டர்கள் மீது. மோட்டாரின் பலம் அதற்கெல்லாம் பிறகுதான்.

சாதாரணப் படகு நீரைக் கிழித்துக்கொண்டு போகும். ஹைட்ரோபிளேன் வேகம் பிடித்ததும் நீரை விட்டு மேலே எழும்பிவிடும். முன்பக்கம் இருபுறமும் மிதவை போல நீட்டியிருக்கும் ஸ்பான்சன்களின் பின்முனைகள் இரண்டு, பின்னால் புரொப்பெல்லர் ஒன்று, இந்த மூன்று இடம் மட்டும்தான் நீரைத் தொடும். அந்தப் புரொப்பெல்லரிலும் கீழ்ப்பாதிதான் நீருக்குள், மேல்பாதி காற்றில் சுழலும். இப்படி ஓடினால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது ஸ்லோ-மோ-ஷன் 4. ஸ்டான் சேயர்ஸுக்காக டெட் ஜோன்ஸ் வடிவமைக்க, ஆங்கர் ஜென்சன் கட்டிய படகு அது. உள்ளே இருந்தது ஆலிசன் விமான எஞ்சின். 1939 முதல் மால்கம் கேம்பெல் வைத்திருந்த நீர் வேகச் சாதனை மணிக்கு 141.74 மைல். 1950 ஜூனில் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் இந்தப் படகு 160.323 மைலைத் தொட்டது, நம் கணக்கில் ஏறக்குறைய 258 கிலோமீட்டர். அதே ஆண்டு டெட்ராய்டில் கோல்ட் கப் பந்தயத்தையும் வென்றது. அசல் படகு இப்போது சியாட்டிலின் வரலாற்று, தொழில் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. கட்டும்போது அதன் படங்களை மேசை முன்னால் ஒட்டி வைத்திருந்தேன்.

1/10 அளவு எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இன்றைய பெரிய ஹைட்ரோபிளேன்கள் சுமார் 9 மீட்டர் நீளம், 3 டன் எடை. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும், அதாவது 3 கிலோ. என் பிக்கிள்ஃபோர்க் பேட்டரியோடு அந்த எடையை ஒட்டித்தான் வருகிறது. படகு உருவாக்கும் அலையை வைத்துச் சொல்லும் ஃப்ரூட் விதிப்படி, வேகம் 10-இன் வர்க்கமூலத்தால், அதாவது 3.16-ஆல் குறைய வேண்டும். பெரிய படகு நேர்ப்பாதையில் மணிக்கு 320 கி.மீ. போனால் மாடலுக்கு 100 கி.மீ. என் படகு ஓடுவது 75 கி.மீ. சுற்றுவட்டாரத்தில். ஆகவே எடை அசலோடு பொருந்திப் போகிறது, வேகம் மட்டும் சற்றுக் குறைவு. பின்னால் எழும் நீர்த்தோகையும் அசல் படகின் தோகை போலவே எழுகிறது. இன்னும் சிறிய அளவுகளில் இந்த அழகு கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

இனி கட்டுமானம். சட்டங்கள் 3 மி.மீ. பிளைவுட், மேல்தோல் 0.8 முதல் 1.5 மி.மீ. வரையான பிர்ச் பிளை, மூக்கில் மட்டும் பால்சா. கட்டும்போது எங்கே வேண்டுமானாலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஸ்பான்சன்களில் கூடாது. இரண்டின் அடிப்பரப்பும் ஒரே கோணத்தில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். படகைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து அளந்து பார்த்து, 3 முதல் 4 டிகிரிக்குள் இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் ஒட்டினேன். அடிப்பரப்பின் பின்விளிம்பு இன்னொரு முக்கியமான இடம். அது கத்தி போலக் கூராக, சதுரமாக முடிய வேண்டும். அப்போதுதான் நீர் அங்கே அறுந்து விடுபடும். பெயிண்ட் தடிமனாகிப் போய் அந்த விளிம்பு உருண்டுவிட்டால் நீர் சுற்றி ஏறி ஒட்டிக்கொள்ளும், படகு எழும்பத் தயங்கும். நல்ல பெயிண்ட் வேலை செய்த எத்தனையோ படகுகள் இந்த ஒரு காரணத்தால் மந்தமாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் காய்ந்ததும் ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி அந்த விளிம்பை மட்டும் மறுபடி சதுரமாக்கிவிட வேண்டும்.

ஃபைபர் கிளாஸ் உடல் எடை குறைவு, வழவழப்பு, வேலையும் மிச்சம். இருந்தும் நீண்ட நாள் பயன்பாட்டில் நான் மரத்தின் பக்கம்தான். மிதவையில் மோதி ஸ்பான்சன் நுனி கிழிந்து வந்த நாட்கள் உண்டு. கிழிந்த பாகத்தை வெட்டி, புதுத் துண்டு வைத்து எபாக்சி பசை போட்டால் மறுநாள் படகு நீரில். மரத்துக்கு எதிரி மோதலைவிட ஈரம். அதுவும் திருகு ஓட்டைகள் வழியாக உள்ளே போகும் ஈரம். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தால் மரம் நீரையே பார்க்காது. உட்புறம் முழுவதும் நீர்க்க வைத்த எபாக்சி ஒரு பூச்சு. என் ஸ்லோ-மோ-ஷனின் உள்ளே இன்றைக்கும் ஒரு இடத்திலும் பிளை உப்பவில்லை.

மின்பக்கம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 36 மி.மீ. விட்டமுள்ள நான்கு துருவ பிரஷ்லெஸ் மோட்டார், கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, சுமார் 2000. நான்கு செல்லுக்கு 14.8 வோல்ட் என்று பெருக்கினால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று. சுமை ஏறினால் 25,000 பக்கம் இறங்கும். நான் போடும் ஆக்டுரா எக்ஸ்442 புரொப்பெல்லரின் விட்டம் 42 மி.மீ., ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம் விட்டத்தைப்போல் 1.4 மடங்கு, அதாவது 58.8 மி.மீ. இதை அந்த 25,000 சுற்றோடு பெருக்கினால் மணிக்கு 88 கி.மீ.; வழுக்கலுக்கு 15 சதவீதம் கழித்தால் 75. முன்பு சொன்ன வேகம் இங்கிருந்துதான் வருகிறது. வேகம் வேண்டும் என்று கேவி அதிகமான மோட்டாருக்குத் தாவுகிறவர்கள் கரண்ட்டையும் யோசிக்க வேண்டும். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 80 சதவீதம்தான் எடுக்கலாம். அதை மூன்று நிமிடத்தில் எடுத்தால் சராசரியே 80 ஆம்பியர். எதிர்பார்த்ததைவிட மோட்டார் நன்றாக உழைத்திருக்கிறது, பேரிங் மாற்றியதோடு சரி. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான ஈ.எஸ்.சி.தான் இந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி. பேட்டரியிலிருந்து ஈ.எஸ்.சி. வரையான ஒயர் நீளமானால் மின்னழுத்த அலைவு கூடி, அதன் கெப்பாசிட்டர்கள் சூடேறிச் சாகும். நீட்ட வேண்டுமானால் மோட்டார் பக்க ஒயரை நீட்டுங்கள். ஒயரைச் சுருக்கி, கூடுதல் கெப்பாசிட்டர் வைத்தபின் அந்தத் தொல்லை நின்றது. பேட்டரிகளை ஓட்டம் முடிந்ததும் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிட்டால் நெடுநாள் உப்பாமல் இருக்கின்றன. முழு சார்ஜில் போட்டு வைத்தவை சீக்கிரமே உப்பின.

ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். மோட்டாரிலிருந்து புரொப்பெல்லர் வரை வளைந்து போகும் முறுக்குக் கம்பி இது. சுமை வரும்போது முறுக்கு இறுகி நீளம் குறையும். அதனால் ஷாஃப்ட்டின் பின்பகுதியைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் பின்முனைக்கும் புரொப்பெல்லரைப் பிடிக்கும் டாக்குக்கும் இடையே 3 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் இரண்டும் உரசி, கரண்ட் ஏறி, ஈ.எஸ்.சி. சுடும், காரணம் தெரியாமல் மோட்டாரைச் சந்தேகிப்போம். ஓட்டிய ஒவ்வொரு நாளும் மாலையில் ஷாஃப்ட்டை வெளியே உருவி, துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்ப்பேன். பழைய கிரீஸ் நீர் கலந்து பால் நிறத்தில் வரும், அது சகஜம். நகத்தில் ஒரு இழை சிக்கினால் அந்தக் கம்பி முடிந்தது, அடுத்த ஓட்டத்தில் அறுந்துவிடும். புதுக் கிரீஸ் போட்டு மறுபடி சொருகுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்போது புரொப்பெல்லர். பெரிலியம் செம்பில் வார்த்து வரும் புரொப்பெல்லரை அப்படியே மாட்டி ஓட்டக்கூடாது. விளிம்பு மொத்தையாக, வார்ப்பின் சொரசொரப்போடு வரும். முன்விளிம்பைக் கூராக்கி, இரண்டு இலையையும் ஒரே எடைக்குக் கொண்டுவர வேண்டும். பெரிலியம் தூள் நுரையீரலுக்கு மிகக் கெடுதல். ஆகவே முகக்கவசம் போட்டு, நீரில் நனைத்தபடியே தேய்க்க வேண்டும், பவர் டூலால் காய்ந்த நிலையில் தொடவே கூடாது. காந்தத் தாங்கியில் மாட்டிவிட்டால் கனமான இலை மெல்லக் கீழே இறங்கி நிற்கும். அந்த இலையின் பின்புறத்தில் நாலைந்து தேய்ப்பு, கழுவி, துடைத்து, மறுபடி மாட்டல். கடைசியில் எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும். ஒரு மாலைப்பொழுது இதிலேயே போய்விடும். ஆனால் மாட்டி ஓட்டியதும் ஒலியே மாறும். கரகரப்பு போய் ஒரே சீரான ரீங்காரம் வரும். மோட்டார் சூடு குறையும், ஸ்ட்ரட் புஷ் தேய்வதும் குறையும். முதல் பந்தயத்துக்குத் தயாராகும் யாருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்.

அடுத்தது அமைப்பு. எடை மையம் எங்கே விழ வேண்டும் என்பதற்கு நல்ல தொடக்கப் புள்ளி ஒன்று உண்டு: ஸ்பான்சனின் பின்முனையிலிருந்து படகின் பின்சுவர் வரையான தூரத்தில், முன்னாலிருந்து 30 சதவீதம். பேட்டரியை நகர்த்தி அங்கே கொண்டுவரலாம். ஸ்ட்ரட்டின் பின்முனை கீழே சாய்ந்தால் படகின் பின்புறம் தூக்கி மூக்கு அமுங்கும். மேலே சாய்ந்தால் மூக்கு எழும். சரியான நிலையில் ஓடும் படகு, குளத்தில் எறிந்த சில்லு தத்திப் போவதுபோல ஸ்பான்சன் நுனிகளில் லேசாக மாறி மாறித் தட்டிக்கொண்டு போகும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான் செய்ய வேண்டும்: ஸ்ட்ரட் உயரம் 1 மி.மீ., அல்லது கோணம் அரை டிகிரி, அல்லது பேட்டரி ஒரு சென்டிமீட்டர். செய்ததை நோட்டில் எழுதிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். காற்றுள்ள நாளுக்கும் அமைதியான நாளுக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருக்கிறேன்.

மூக்கை அதிகம் எழவிட்டால் வேகம் கிடைக்கும், ஆனால் எதிர்க்காற்று அடியில் புகுந்தால் படகு அப்படியே எழும்பிப் பின்னால் குப்புற விழும். பெரிய படகுகளில் இது உயிரைப் பறித்திருக்கிறது. ஹைட்ரோபிளேன் ஓட்டுநர் பில் மன்சி 1981-இல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் இறந்தது இப்படித்தான். 1986-இல் மிஸ் பட்வைசர் படகு எஃப்-16 போர் விமானத்தின் மூடியை ஓட்டுநர் இருக்கைக்கு மேல் பொருத்தியது. மூடிய காக்பிட் பிறகு எல்லாப் படகுகளுக்கும் வந்தது. மாடலில் ஆளில்லை, ஆனாலும் விழுந்தால் உள்ளே நீர் ஏறும். உடலின் வெற்றிடங்களில் மிதக்கும் ஃபோம் அடைத்து வைத்தால் மூழ்காது. ரிசீவர் பெட்டி தனியாக மூடியிருக்க வேண்டும், மூடியின் விளிம்பில் டேப். டிரான்ஸ்மிட்டர் சிக்னல் போனால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வரும்படி ஃபெயில்சேஃப் வைக்காத படகை நான் நீரில் இறக்கவே மாட்டேன். பேட்டரி இணைத்தபின் புரொப்பெல்லர் பக்கம் விரல் போகக்கூடாது.

பந்தயத்தில் முதலில் பழக வேண்டியது திசை. பெரிய படகுகள் இடப்பக்கம் திரும்பும். மாடல்கள் வலப்பக்கம், கடிகாரச் சுற்றில். அதனால் அசலில் இடது ஸ்பான்சனில் இருக்கும், வளைவில் நீரைப் பிடித்துக்கொள்ளும் தகடான டர்ன் ஃபின் மாடலில் வலது ஸ்பான்சனுக்கு வரும். படகின் பின்னாலிருந்து பார்த்தால் மாடல் புரொப்பெல்லர் வழக்கமாக இடஞ்சுழியாகச் சுற்றும். அது பின்புறத்தை இடப்பக்கம் இழுத்து மூக்கை வலப்பக்கம் திருப்ப உதவுகிறது. ஃபின் கொஞ்சம் வளைந்தாலும் வளைவில் படகு கொத்திக்கொண்டு சுழன்றுவிடும். மோதலுக்குப் பிறகு முதலில் நேர்க்கோல் வைத்துப் பார்ப்பது ஃபின்னைத்தான்.

தொடக்கம் ஓடிக்கொண்டே எடுப்பது. கடிகாரம் இறங்கி வரும், எல்லாப் படகும் சுற்றிக்கொண்டிருக்கும், பூஜ்யம் விழும்போது கோட்டை முழு வேகத்தில் தாண்ட வேண்டும். முந்தினால் தண்டனை, பிந்தினால் முன்னே போனவர்களின் கலங்கிய நீரில் மாட்டிக்கொள்வோம். அந்த நீரில் வேகத்துக்காக வைத்த அமைப்பு நிற்காது. பயிற்சியில் மிக வேகமான படகு பந்தயத்தில் முதல் வளைவிலேயே புரள்வது இதனால்தான். பந்தய நாளில் நான் எடையை அரை சென்டிமீட்டர் முன்னே தள்ளிவிடுவேன். வேகம் சற்றுக் குறையும், ஆனால் எல்லாச் சுற்றையும் முடித்துக் கரைக்கு வரும். பருவ முடிவில் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் முடித்தவர்களின் பெயர்தான் மேலே இருக்கிறது.

இரண்டில் எது நல்லது என்றால், பந்தயத்துக்குப் பிக்கிள்ஃபோர்க். மூக்கு பிளந்திருப்பதால் அடியில் புகும் காற்றுக்கு வெளியேற வழி உண்டு, கலங்கிய நீரையும் தாங்கும். ஸ்லோ-மோ-ஷனின் அகன்ற வட்ட மூக்கு காற்றைப் பிடித்துக்கொள்ளும். காற்றில்லாத காலை நேரத்துக்கான படகு அது. ஆனால் அப்படி ஒரு காலையில், கண்ணாடி போன்ற நீரில் அது நேராகப் போவதைப் பார்க்கும் சந்தோஷம் மற்றதில் கிடைப்பதில்லை. முதல் படகு கட்டுகிறவர்கள் பிக்கிள்ஃபோர்க்கில் தொடங்குங்கள், பேட்டரித் தட்டு முன்னும் பின்னும் 4 செ.மீ. நகரும்படி உள்ளே இடம் விட்டுக் கட்டுங்கள். மேல்தட்டை ஒட்டியபின் அந்த இடத்தை உருவாக்குவது மிகக் கடினம்.