ஸ்டீயரிங் இறுகினால் பம்பைத் தொடாதீர்கள்: ஸ்டெர்ன்டிரைவ் பவர் ஸ்டீயரிங், நீண்ட கால அனுபவம்

நண்பர் ஒருவர் கேட்டார்: "வீல் திரும்பவே மாட்டேங்குது, மெக்கானிக் பம்ப் போயிடுச்சுங்கிறார், மாத்திடவா?" இந்தப் பதிவு அவருக்காக. ஸ்டெர்ன்டிரைவ் என்றால் இன்ஜின் போட்டுக்குள்ளும், புரொப்பெல்லரைச் சுமக்கும் டிரைவ் பின்னால் வெளியேயும் இருக்கும் அமைப்பு. பெல்ட்டில் ஓடும் பம்ப், டிரான்சத்தின் (போட்டின் பின்சுவர்) உள்பக்கம் ஆக்சுவேட்டர் (ஆயில் அழுத்தத்தால் டிரைவைத் திருப்பும் சிலிண்டர்), அதை இயக்க ஹெல்மிலிருந்து (ஸ்டீயரிங் வீல் இருக்கும் இடம்) ஒரு புஷ்-புல் கேபிள் (உறைக்குள் தள்ளவும் இழுக்கவும் செய்யும் கம்பி) என்று இருக்கும் எல்லா ஸ்டெர்ன்டிரைவ் போட்டுக்கும் இது பொருந்தும்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். ஹைட்ராலிக் பகுதி அருமையானது. பெரிய வி8 இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போதும் இரண்டு விரலால் வீலைத் திருப்பலாம். புரொப்பெல்லரின் முறுக்கு கைக்கே வராது. பம்ப் உழைக்கும், சீல் உழைக்கும், ஹோஸ் வருடக்கணக்கில் தாங்கும். என் கோபமெல்லாம் அந்தக் கேபிள் மேல்தான்.

ஏனென்றால் இங்கே கேபிளுக்கு இரண்டு வேலை. உள்கம்பி டிரைவைத் தள்ளவும் இழுக்கவும் முயலும். எதிர்ப்பு வந்ததும் வெளியுறை எதிர்ப்பக்கம் சில மில்லிமீட்டர் நகரும். அந்தச் சின்ன நகர்வுதான் ஆக்சுவேட்டரில் உள்ள ஸ்பூல் வால்வை, அதாவது ஆயிலைத் தேவையான பக்கம் திருப்பிவிடும் வால்வை, திறக்கிறது. உறை நகரவில்லை என்றால் வால்வு திறக்காது; பம்ப் புத்தம் புதிதாக இருந்தாலும் உதவி கிடைக்காது. கார் அறிவை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பவர்கள் பம்பையே பிடித்துத் தொங்குவது இதனால்தான்.

எனவே முதல் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். இன்ஜினை நிறுத்துங்கள். டிரான்சத்தில் கேபிள் முனை ஆக்சுவேட்டரின் கிளெவிஸோடு (U வடிவ இணைப்பு) சேரும் இடத்தில் காட்டர் பின்னை (முனை மடக்கிய பூட்டுக் கம்பி) நிமிர்த்தி எடுத்து, கிளெவிஸ் பின்னை உருவுங்கள். இப்போது வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றுங்கள். இலகுவாக, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றாவிட்டால் கேபிள் அல்லது ஹெல்ம்தான் குற்றவாளி. ஹெல்ம் பக்கமும் கேபிளைக் கழற்றிச் சுற்றினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். பிறகு டிரைவைக் கையால் இடம் வலமாகத் தள்ளிப் பாருங்கள். சிலிண்டருக்குள் ஆயில் நகர்வதால் கனமாகத்தான் இருக்கும், ஆனால் கனம் சீராக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால் கிம்பல் ரிங்கின் (டிரைவைத் தாங்கி இடம் வலமாகத் திரும்பும் வளையம்) சுழல்தண்டையும் அதன் புஷ்ஷையும் பாருங்கள். பின்னை மாட்டிய பிறகு, வீலை ஒருவர் அசையாமல் பிடித்திருக்கும்போதே டிரைவ் லொடலொடவென்று ஆடினால் தண்டும் ரிங்கும் தேய்ந்திருக்கின்றன, அல்லது ரிங்கின் கிளாம்ப் போல்ட் தளர்ந்திருக்கிறது.

கேபிள் இலகுவாகச் சுற்றுகிறது, ஆனால் எல்லாம் மாட்டி ஓட்டினால் ஒரு பக்கம் மட்டும் கனக்கிறது, அல்லது வீல் தானாக ஒரு பக்கம் ஓடுகிறது என்றால், ஆக்சுவேட்டருக்கு அருகே கேபிளின் கடைசி சில அடிகளை விரலால் தடவிக்கொண்டே போங்கள். யாரோ ஒருவர் ஒயரிங்கையும் ஷிஃப்ட் கேபிளையும் சேர்த்து ஸ்டீயரிங் கேபிளோடு டை போட்டு இறுக்கியிருப்பார். பார்க்க அழகாக இருக்கும், உறை மட்டும் அசையாது. அந்த டையை வெட்டி எறியுங்கள். இன்ஜின் ஓடும்போது ஒருவர் வீலை மெல்லத் திருப்ப, இன்னொருவர் பார்த்தால் உறை முன்னும் பின்னும் தெளிவாக நகர வேண்டும்.

இறுகிப்போன கேபிளுக்குப் பழுதுபார்ப்பு கிடையாது. கிரீஸ் துப்பாக்கியால் அடித்து இளக்குகிறேன் என்பது வீண். தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்த கம்பி உறைக்குள் உப்பிக்கொண்டிருக்கும். பலமாகத் திருப்பினால் ஓடும்போது அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. புதிது வாங்குங்கள். பல கேபிள்களில் உறை மேல் அச்சிட்ட எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் அடிக் கணக்கில் நீளம். வளைவுகள் 8 அங்குல ஆரத்துக்குக் குறையக் கூடாது. கேபிளை டிரான்சப் பக்கம் பிணைக்கும் கப்ளர் நட்டை இறுக்க என் இன்ஜின் கையேட்டில் உள்ள அளவு 35 பவுண்டு-அடி. கிரீஸ் அடிக்கும்போது கம்பி முழுவதும் உள்ளே இழுபட்டிருக்கும்படி வீலைத் திருப்பிவிட்டு அடியுங்கள். வெளியே நீட்டிய நிலையில் அடித்தால் கிரீஸே அடைத்துக்கொண்டு கேபிள் பூட்டிக்கொள்ளும். போட்டை மாதக்கணக்கில் நிறுத்தும்போதும் கம்பி உள்ளே இருக்கட்டும்.

கேபிள் நிரபராதி என்று உறுதியான பிறகுதான் ஆயில் பக்கம் வர வேண்டும். ஸ்டீயரிங் பம்பின் டிப்ஸ்டிக்கில் நுரை இருந்தால் காற்று. ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது பம்புக்குத் திரும்பும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு என்றால் தண்ணீர். ஸ்டீயரிங் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் உள்ளே ஓட்டையாகியிருக்கும். அந்தக் கூலர் வழியாகத்தான் இன்ஜினுக்கான வெளித்தண்ணீரும் போகிறது. உடைந்த இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் ரப்பர் விசிறி) துண்டும் பாசியும் அதன் வாயில்தான் போய் நிற்கும். இன்ஜின் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் அந்த ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஐடிலில் மட்டும் கனம், ஆர்பிஎம் ஏற்றினால் இலகு என்றால் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். வி பெல்ட் கால் அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது. வீல் கோடிக்குப் போகும்போது கிரீச்சிட்டாலும் அதே பெல்ட்தான்.

காற்றை வெளியேற்ற, இன்ஜின் நின்ற நிலையில் ஆயில் ஊற்றி, வீலைக் கோடிக்குக் கோடி பலமுறை திருப்பி, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். பிறகு 1,000 முதல் 1,500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு அதையே செய்யுங்கள். கோடியில் அழுத்திப் பிடிக்காதீர்கள், அதிக அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் கொதிக்கும்.

இத்தனைக்கும் பிறகு பம்ப் மேல் சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். பம்ப் பிரஷர் ஹோஸில் அடைப்பு வால்வோடு கேஜ் மாட்டி, ஆயில் சூடானதும், ஐடிலில் வால்வு திறந்திருக்கும்போது 70 முதல் 125 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் ஹோஸில் எங்கோ அடைப்பு. வால்வை மூன்று முறை மூடித் திறந்து ஒவ்வொரு முறையும் உச்ச அளவைக் குறியுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைக்காதீர்கள், பம்ப் வெந்துபோகும். மூன்று அளவும் 50 பிஎஸ்ஐக்குள் ஒத்திருந்து, கையேட்டின் எல்லையையும் தொட்டால் பம்ப் ஆரோக்கியம். வால்வைத் திறந்துவைத்து வீலைக் கோடிக்குத் திருப்பும்போது மட்டும் அந்த உச்சம் வரவில்லை என்றால் ஆக்சுவேட்டர் உள்ளே கசிகிறது. கேஜ் மாட்டாமல் "பம்ப் போச்சு" என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஓட்டும் சுகத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆனாலும் இதே அமைப்புள்ள போட்டை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மொத்த சிஸ்டமும் நம்பியிருக்கும் ஒரே கேபிளை, இன்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், பில்ஜ் (தண்ணீர் தேங்கும் போட்டின் அடிப்பகுதி) ஈரத்துக்கு மேலே கொண்டுபோய் முடித்திருக்கிறார்கள். அதை எட்டிப் பார்க்க ஒரு மூடிகூட வைக்கவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கேபிளே இல்லாத முழு ஹைட்ராலிக் ஹெல்ம் உள்ள போட் கிடைத்தால் அதை வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் சரி.