சாட்ஸ்வொர்த்ல ரிட்டயர்மென்ட் பிளான் போட்டுக்கிட்ட அனுபவம்

எங்க வீட்டுக்காரருக்கு 58 ஆச்சு. தென்னாப்பிரிக்காவுல டர்பன் துறைமுகம் பக்கம் ஒரு கம்பெனியில டிஸ்பாட்ச் வேலை, 65ல ரிட்டயர். அதுக்கப்புறம் என்னன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினதே கிடையாது, கோயில்ல ஒரு அக்கா சொல்லித்தான் போன வருஷம் இங்க சாட்ஸ்வொர்த்லயே இருக்கற பங்களாதேஷ் மார்க்கெட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல, ரிட்டயர்மென்ட் பிளான் போட்டுத்தர்ற ஒரு அட்வைசர் ஆபீஸுக்குப் போனோம். பேர் போடவேண்டாம்னு அவரே கேட்டுக்கிட்டார், ரெண்டு பேர் மட்டும் இருக்கற சின்ன ஆபீஸ், இப்பவே அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஒரு மாசம் ஆகுது. ஆனா எப்படி வேலை பாக்கறார்னு எழுதினா இந்த வயசுல இருக்கற மத்தவங்களுக்கு உதவும்.

மொத தடவை ஒரு மணி நேரம் ஃபிரீ. பிளான் முழுசா போட 6,500 ராண்டு, அதை வாயைத் திறந்த உடனே சொல்லிட்டார். நாங்க கேக்காமலே எஃப்.எஸ்.பி. லைசென்ஸ் நம்பரையும் (பண விஷயத்துல ஆலோசனை சொல்றவங்களுக்கு இருக்கவேண்டிய லைசென்ஸ்) எழுதிக் கொடுத்து, "ஆன்ட்டி, வீட்டுக்குப் போய் எஃப்.எஸ்.சி.ஏ. சைட்ல போட்டுப் பாருங்க, அப்புறமா முடிவு பண்ணுங்க"ன்னார். இவங்களை மாதிரி ஆளுங்களைக் கண்காணிக்கற அரசு அமைப்பு அது. இந்த ஒண்ணுலயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு, ஏன்னா 1999ல எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டு ஒரு ஏஜென்ட் இவருக்கு ஆர்.ஏ., அதாவது ரிட்டயர்மென்ட் ஆன்யுட்டிங்கற ஓய்வுக்கால சேமிப்பு பாலிசி, போட்டுவிட்டார், கமிஷன் எவ்வளவு சார்ஜ் எவ்வளவுன்னு அவரும் சொல்லல, கேக்கணும்னு எங்களுக்கும் தெரியல.

அந்த பழைய பாலிசிக்கு ஈ.ஏ.சி. பேப்பர் கேட்டு வாங்கச் சொன்னார். வருஷத்துக்கு மொத்தமா எத்தனை சதவீதம் நம்ம பணத்துல கழியுதுன்னு இன்வெஸ்ட்மென்ட், அட்வைஸ், நிர்வாகம், மத்ததுன்னு நாலா பிரிச்சுக் காட்டற பேப்பர் அது. நமக்கு 4.1 சதவீதம் போய்க்கிட்டிருந்துச்சு. பாலிசியில இருந்தது 6 லட்சத்து 80 ஆயிரம் ராண்டு. 26 வருஷமா மாசம் தவறாம கட்டின காசு, அன்னைக்கு நைட் இவர் சரியா சாப்பிடவே இல்லை.

கையில எடுக்காம ஒரு ஃபண்டுல இருந்து இன்னொரு ஃபண்டுக்கு மாத்தறதுக்கு செக்‌ஷன் 14 டிரான்ஸ்ஃபர்னு சட்டத்துலயே வழி இருக்கு. மாத்தினா பழைய கம்பெனி 11,000 ராண்டு பெனால்டி பிடிக்கும், புது இடத்துல செலவு 1.9 சதவீதம், அப்போ வருஷத்துக்கு கிட்டத்தட்ட 15,000 மிச்சம், பெனால்டி மொத வருஷத்துலயே ஈடாயிடும்னு நம்ம முன்னாடியே கால்குலேட்டர்ல போட்டுக் காட்டினார். முன்னெல்லாம் இந்த பெனால்டி இன்னும் மோசமாம், 2005ல அப்போ நிதியமைச்சரா இருந்த ட்ரெவர் மானுவேல் இன்சூரன்ஸ் கம்பெனிகளோட ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அதுக்கு வரம்பு வந்துச்சு.

டூ-பாட், அதாவது ரிட்டயர்மென்டுக்கு கட்டற பணத்தை ரெண்டு பானையா பிரிக்கற முறை, அந்த விஷயத்துல கொஞ்சம் கண்டிச்சார், அது நியாயம்தான். 2024 செப்டம்பர்ல இருந்து நாம கட்டறதுல மூணுல ஒரு பங்கு சேமிப்பு பானைக்குப் போகுது, வருஷத்துக்கு ஒரு தடவை குறைஞ்சது 2,000 ராண்டுல இருந்து எடுக்கலாம், மீதி ரெண்டு பங்கை ரிட்டயர் ஆகறவரை தொட முடியாது. ஆரம்பத்துல பழைய பணத்துல இருந்து 30,000 வரைக்கும் அந்த பானையில போட்டாங்க இல்லையா, 2022 ஏப்ரல் வெள்ளத்துல சரிஞ்ச பின்பக்க சுவரைக் கட்ட இவர் கம்பெனி ஃபண்டுல இருந்து அதை அப்படியே எடுத்துட்டார். வரி போக கையில வந்தது 22,000 சொச்சம். சுவர் முக்கியம்தான் அங்கிள், ஆனா அவசரத்துக்குன்னு மூணு மாசச் செலவு தனியா பேங்க்ல இருக்கணும், பானையை உண்டியலா நினைக்காதீங்கன்னார்.

இவர் கேட்ட ஒரே கேள்வி "நான் போயிட்டா இவளுக்கு?". அதுக்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கிட்டார். ரிட்டயர் ஆனதும் சேர்த்த பணத்தை பென்ஷன் மாதிரி வர்ற ஆன்யுட்டியில போடணும், அதுல ரெண்டு வகை. லிவிங் ஆன்யுட்டின்னா வருஷத்துக்கு 2.5ல இருந்து 17.5 சதவீதம் வரை நாமளே எடுத்துக்கலாம், மிச்சம் குடும்பத்துக்கு வரும், ஆனா அதிகமா எடுத்தா நாம உயிரோட இருக்கும்போதே தீர்ந்துடும். லைஃப் ஆன்யுட்டி சாகறவரை வரும், ஆனா ஜாயின்ட்டா எடுத்தாத்தான் எனக்கும் தொடரும். அரிசி பருப்பு, கரண்ட் தண்ணி, மெடிக்கல் எய்டுங்கற மருத்துவக் காப்பீடு இதுக்கெல்லாம் ஆகற அளவுக்கு ஜாயின்ட் லைஃப், மீதிக்கு லிவிங்னு பிரிக்கலாம்னு சொல்லியிருக்கார். அரசாங்கம் 60க்கு மேல தர்ற பென்ஷன் 2025ல மாசம் 2,300 ராண்டு பக்கம்தான் இருந்துச்சு, அதுவும் வருமானம் சொத்து பாத்துத்தான் தருவாங்க, அதை நம்பி கணக்கு போடவேண்டாம்னுட்டார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவர் கொடுத்த இன்னொரு பேப்பர். திங்கள்ல இருந்து ஞாயிறு வரை கட்டம் போட்டிருக்கும், வேலைக்குப் போகாத நாள்ல என்ன செய்வீங்கன்னு எழுதணும். இவர் திங்கக்கிழமையில "தோட்டம்"னு எழுதிட்டு பேனாவை வெச்சுட்டார். ரெண்டு வாரம் அந்த பேப்பர் ஃபிரிட்ஜ் மேலயே இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள், மாமனார் காவடிக்கு மேளம் வாசிச்சவர், அதைக் கோயில் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும்னு சனிக்கிழமையில எழுதினார். இவர் தாத்தாவோட அப்பா இந்தியாவுல இருந்து இங்க கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவர், 1860ல இருந்து 1911 வரை அப்படி வந்த 1,52,000க்கும் மேலான பேருக்கு கப்பல் பதிவு இருக்கு, அதுல ஊர் பேரைக் கண்டுபிடிச்சு ஒரு தடவை அங்க போய் நிக்கணும்னும் எழுதினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த ஆசையை எங்கிட்ட சொன்னதே இல்லை. அட்வைசர் அதுக்கும் தனியா ஒரு லைன் போட்டு, டிக்கெட், தங்கற செலவுன்னு பட்ஜெட்ல சேர்த்துட்டார்.

குறைன்னா, அப்பாயின்ட்மென்ட் டைமுக்குப் போயும் 40 நிமிஷம் வெளியில உட்காரணும், ஈமெயிலுக்கு பதில் ஒரு வாரம் ஆகும், பார்க்கிங் சுத்தமா கிடையாது. டிரான்ஸ்ஃபருக்கு நாலு மாசம் ஆச்சு, ஆனா அது பழைய கம்பெனி இழுத்தடிச்சது. மெடிக்கல் எய்டு பத்தி இன்னும் விவரமா சொல்லியிருக்கலாம், 35 வயசுக்கு மேல புதுசா சேர்ந்தா லேட் ஜாயினர் பெனால்டின்னு மாசக் கட்டணத்தோட கூடுதலா கட்டவேண்டியது உண்டு, அதனால கம்பெனி எய்டை விட்டுடாதீங்கன்னு ஒரு வரியில முடிச்சிட்டார்.

அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன். எந்த அட்வைசர்கிட்ட போனாலும் சம்பள ஸ்லிப், ஃபண்டு ஸ்டேட்மென்ட், நாமினி ஃபார்ம் எல்லாம் எடுத்துட்டு போங்க, கணவன் மனைவி ரெண்டு பேருமா போங்க. பழைய பாலிசி இருந்தா ஈ.ஏ.சி. பேப்பரை முன்னாடியே கேட்டு வெச்சுடுங்க, எங்களுக்கு அது கையில வரவே மூணு வாரம் ஆச்சு.