ரயில் பெட்டிக்குள் துப்பாக்கி: அட்லாண்டாவும் நியூயார்க்கும்

அட்லாண்டாவின் நகர ரயிலான மார்ட்டாவில் துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு ஏறலாம். ஜார்ஜியா மாநிலம் உரிமம் உள்ளவர்களுக்கு 2008-லேயே இதை அனுமதித்தது. 2022-ல் அந்த உரிமமும் தேவையில்லை என்றாகிவிட்டது. நியூயார்க்கின் சுரங்க ரயிலான சப்வேயில் உரிமம் இருந்தாலும் கூடாது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் மாநிலத்தின் பழைய உரிமக் கட்டுப்பாட்டை ரத்து செய்ததும், அந்த மாநிலம் உடனே புதுச் சட்டம் போட்டு ரயிலையும் பேருந்தையும் தடைப் பட்டியலில் சேர்த்தது.

அட்லாண்டா தரப்பு வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. இரவுப் பணி முடிந்து தனியாகத் திரும்பும் செவிலியருக்கு ரயில்தான் வழி. ரயிலில் தடை என்றால், இறங்கிய பிறகு இருட்டுத் தெருவிலும் அவர் வெறுங்கைதான். கார் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. 2022 ஏப்ரலில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி ரயிலில் ஒருவன் 10 பேரைச் சுட்டபோது எந்தத் தடையும் அவனை நிறுத்தவில்லை.

சரி, அதே பெட்டியை நினைத்துப் பாருங்கள். எங்கும் புகை, அலறல், ஓட இடமில்லை. இன்னும் நான்கு பேர் துப்பாக்கியை உருவினால் யார் குற்றவாளி என்று போலீசுக்கு எப்படித் தெரியும்? குறி தவறும் தோட்டா இன்னொரு பயணி மேல்தான் பாயும். 1984-ல் பெர்னார்ட் கெட்ஸ் என்ற பயணி சப்வேயில் நான்கு இளைஞர்களைச் சுட்டார். தன்னைக் கொள்ளையடிக்க வந்தார்கள் என்றார். அதில் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போனது.

நான் நியூயார்க் பக்கம்தான். ஆனால் அந்தச் செவிலியர் இறங்கும் நடைமேடையில் விடியும் வரை காவலர் நிற்க வேண்டும்.