ஒரு சதவீத அறை: குடும்ப மெடிக்ளெய்ம் பாலிசி, பல வருட அனுபவம்

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லாமல் ஆனது. அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "லே மக்கா, வரிதான் போச்சே, இப்ப எடுக்கலாமாடே?" என்பதுதான். கடைசியாகக் கேட்டவன் கருங்கலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளிக்கூட நண்பன். போனில் பாதி சொல்லி, பாதி சண்டை போட்டு வைத்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரிக் கதை. அடிப்படைப் பிரீமியம் 20,000 என்றால் முன்பு 23,600 கட்ட வேண்டும், இப்போது 20,000 போதும். கணக்கு சரிதான். ஆனால் இந்த வருடம் எனக்கு வந்த ரெனியூவல் நோட்டீஸில் அடிப்படைப் பிரீமியமே ஏறி உட்கார்ந்திருக்கிறது. வயது அடுத்த படிக்குப் போய்விட்டதாம். வரியில் போனது வயதில் வந்துவிட்டது. ஏஜென்டைக் கேட்டால் அவர் கதை வேறு: "எங்க கமிஷன்ல கை வச்சுட்டாங்க அண்ணே." ஆக, இந்த வரிக்குறைப்பில் நான் சந்தித்த யாருக்கும் பெரிய சந்தோஷம் இல்லை.

என்னுடையது கொரோனாவுக்கு முன்பே எடுத்த குடும்ப ஃப்ளோட்டர், அதாவது குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே காப்பீட்டுத் தொகை. மூன்று லட்சம். நான், மனைவி, பையன். இடையில் ஒரு வருடமும் விடாமல் கட்டி வருகிறேன். கிளைம் இல்லாத வருடங்களுக்கு போனஸ் சேர்ந்து ஒரு கட்டத்தில் தொகை நாலரை லட்சம் வரை போனது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும். பையனுக்கு டெங்கு வந்தபோது தக்கலைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கேஷ்லெஸ், அதாவது பில்லை ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகக் கட்டிவிடும். அட்டையைக் காட்டினோம், ஆதார் கொடுத்தோம், அவ்வளவுதான். கிளம்பும்போது கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் மாதிரி பாலிசியில் வராத சில்லறைகளுக்கு மட்டும் கொஞ்சம் பணம் கட்டினேன். கிட்டத்தட்ட 38,000 ரூபாய் கம்பெனி கொடுத்தது. அந்த வாரம் கடை வியாபாரம் மந்தம், கையில் ரொக்கம் இல்லை. யாரிடமும் கைநீட்டாமல் வீடு வந்தோம். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஊரெல்லாம் போய் பாலிசி விற்றுக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் என் முழங்கால்.

ஆனி மழையில் கிணற்றடிப் படி பாசி பிடித்துக் கிடந்தது. வழுக்கியதில் லிகமென்ட் அறுந்துவிட்டது. ஊரில் ஒரு மாதம் கட்டுப் போட்டுப் பார்த்தும் கால் உறுதியாகவில்லை. மூட்டு டாக்டர் திருவனந்தபுரத்துக்குப் போகச் சொன்னார். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் ஆஸ்பத்திரி விஷயத்தில் பாதிப் பேர் இன்னும் திருவிதாங்கூர் பிரஜைகள்தான். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால்தான் வைத்தியம் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அது இல்லை, ஆனால் டாக்டர் கைகாட்டிய சர்ஜன் அங்கேதான் இருந்தார்.

இங்கேதான் என் பாலிசியில் இருக்கும் ஒரு வாசகம் வேலையைக் காட்டியது. அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், ஐ.சி.யூ. என்றால் 2 சதவீதம். மூன்று லட்சத்துக்கு 3,000 ரூபாய். போனஸ் சேர்ந்து நாலரை லட்சம் ஆகிவிட்டதே, 4,500 கிடைக்காதா? கிடைக்காது. என் பாலிசியில் அறைக்கணக்கு அடிப்படைத் தொகையில் மட்டும்தான். அந்த ஆஸ்பத்திரியில் 3,000-க்குள் இருந்த அறைகள் அன்று ஒன்றும் காலி இல்லை. காலியாக இருந்தது 5,000 ரூபாய் அறை. சரி, நாளைக்கு 2,000 கைப்பணம் போகும், போகட்டும் என்று சேர்ந்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று பில் 2,11,000. கம்பெனி அனுமதித்தது 1,45,000. காப்பீட்டு கவுன்டரில் இருந்த பெண் மிகவும் தன்மையாகச் சொன்னார்: "அது பாலிசி கண்டிஷன் ஆணு சேட்டா."

கண்டிஷன் என்னவென்றால், 5,000 ரூபாய் அறைக்கு என் தகுதி 3,000, அதாவது 60 சதவீதம். ஆகவே வாடகையில் மட்டுமல்ல, அறுவைக் கட்டணம், தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், நர்ஸிங், எல்லாவற்றிலும் 60 சதவீதம்தான் தருவார்கள். என் பில்லில் அந்த வகை மட்டும் 90,000. வந்தது 54,000. அறை வாடகையில் கூடுதலாக நான் ஏற்கத் தயாராக இருந்தது மொத்தமே 8,000. அந்த 8,000-ஐ ஒட்டிக்கொண்டு இன்னொரு 36,000 போனது.

ஆத்திரம் அடங்கிய பிறகு யோசித்தால் கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஹோட்டலில் ஏசி ஹாலில் உட்கார்ந்தால் அதே தோசைக்கு விலை கூடுதல். பல பெரிய ஆஸ்பத்திரிகளும் அப்படித்தான், அறை உயர்ந்தால் அதே கத்திக்கும் அதே தியேட்டருக்கும் ரேட் உயரும். "நீ சாதா ஹாலுக்குத்தான் பணம் கட்டியிருக்கிறாய், ஏசி ஹால் தோசைக்கு முழுப் பணம் தரமாட்டேன்" என்கிறது கம்பெனி. ஏற்கலாம். ஆனால் தண்ணீர் பாட்டில் எந்த ஹாலிலும் அச்சடித்த விலைதானே? அதிலும் 40 சதவீதம் வெட்டியிருந்தார்கள். மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து 40,000, அதில் 16,000 காணவில்லை.

இதில்தான் எனக்கு எதிர்பாராத ஒரு நல்ல அனுபவம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருந்து, பயன்பாட்டுப் பொருள்கள், உடலில் பொருத்தும் இம்ப்ளான்ட், பரிசோதனைகள் இவற்றில் இப்படி அறை விகிதத்தைப் பார்த்து வெட்டும் விகிதக் கழிவு செய்யக்கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. அறைக்கு ஏற்றபடி கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரி என்றால் கழிவே கூடாது. இது என் பாலிசிப் புத்தகத்திலேயே, "அசோசியேட் மெடிக்கல் எக்ஸ்பென்ஸ்" (அறையோடு சேர்த்து வெட்டப்படும் செலவுகள்) என்ற விளக்கத்துக்குக் கீழே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, பில்லில் மருந்து, பரிசோதனை வரிகளுக்கு மஞ்சள் பூசி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலில் "உங்கள் மேலான கவனத்துக்கு நன்றி" என்று ஒரு பதில். பிறகு அமைதி. "அடுத்தது ஓம்பட்ஸ்மேன்", அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர், என்று நினைவூட்டியதும் சில நாளில் 16,000 ரூபாய் கணக்கில் விழுந்தது. விளக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ஒரு நல்ல மீன் சாப்பாடு.

ஓம்பட்ஸ்மேன் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஊரில் பலருக்கு இது தெரியவில்லை. கம்பெனிக்குப் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கிறார்கள். நமக்கான அலுவலகம் சென்னையில். நாகர்கோவிலிலிருந்து 700 கிலோமீட்டர் என்று பயப்பட வேண்டாம், புகாரை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். நான் போகவில்லை. 36,000 வகை பாலிசிப்படி சரி, அங்கே போயும் நிற்காது.

ஆக முழங்கால் கணக்கு இது: 2,11,000 பில்லில் கடைசியாக வந்தது 1,61,000. என் கையிலிருந்து போனது 50,000. டெங்குவையும் சேர்த்தால் கம்பெனியிடமிருந்து கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வாங்கியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் கட்டிய பிரீமியம் எல்லாம் கூட்டினால் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். லாப நஷ்டம் என்று பார்த்தால் லாபம்தான். இதை என் மனைவி அடிக்கடி சொல்கிறாள். சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 36,000 ஞாபகம் வருகிறது.

கருங்கல் நண்பனுக்கு இதில் எது பொருந்தும்?

அவன் முதலில் கேட்டது, "கிளைம் பண்ணலேன்னா காசு திரும்ப வருமா?" சீட்டும் எல்.ஐ.சி.யும் பழகிய ஊரில் எல்லோரும் கேட்பது இதைத்தான். வராது. போன பணம் போனதுதான். அதை ஜீரணிக்க முடியாதவர்கள் ஒரு கிளைமும் வராத மூன்றாவது வருடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். பாலிசி எடுக்கும்போதே உள்ள நோய்களுக்குக் கம்பெனி பணம் தராத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம் என்று 2024-ல் குறைத்துவிட்டார்கள், முன்பு நான்கு. காத்திருந்த காலமெல்லாம் பணம் கட்டிவிட்டு, கதவு திறக்கும்போது திரும்பி வருவதற்கு ஆரம்பத்திலேயே எடுக்காமல் இருக்கலாம். ஐந்து வருடம் தொடர்ந்து கட்டினால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, "நீ முன்பு நோயை மறைத்தாய்" என்று சொல்லி கிளைமை மறுக்கவும் முடியாது.

அவன் மனைவிக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த அவசரமே. கல், குடலிறக்கம், மூலம், கண்புரை இதற்கெல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவும் ஸ்கேன் எடுத்துத் தெரிந்தே இருக்கும் கல் என்றால் விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். "எழுத வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் ஏஜென்ட் கிளைம் அன்று போனை எடுக்க மாட்டார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் அவன் மறந்துவிடுகிறான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் கிடையாது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை என்பதால் அறை வாடகைப் பேச்சே எழாது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலும் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. பட்டறை நன்றாக ஓடுவதால் அவனுக்கு வருமானச் சான்று கிடைக்காது என்பது வேறு விஷயம். கிடைக்கிறவர்கள் தனியார் பாலிசியைப் பிறகு யோசித்தால் போதும். வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டையும் போடச் சொல்லியிருக்கிறேன். விபத்தில் உயிர் போனால் வீட்டுக்கு இரண்டு லட்சம். வெல்டிங் பட்டறைக்காரன் அந்த 20 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: அறை. ஏஜென்ட் "எத்தனை லட்சம்" என்று ஆரம்பிப்பார். அவரை நிறுத்தி, அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று கேள். வரம்பு இல்லாதது, குறைந்தபட்சம் "சிங்கிள் பிரைவேட் ரூம்" என்று எழுதியிருப்பது, பிரீமியம் கூடுதலாக வரும். அந்தக் கூடுதலைக் கொடு. குழித்துறையிலும் தக்கலையிலும் மட்டுமே வைத்தியம் பார்ப்பேன் என்றால் 1 சதவீதப் பாலிசியே தாராளம். நான் பார்த்தவரை இங்கே தனி அறை வாடகை 3,000-ஐத் தொடுவது அபூர்வம், அந்த வாசகம் உன் கண்ணிலேயே படாது. கேரளப் பக்கம் பாறசாலை தாண்டும் உத்தேசம் இருந்தால் நிலைமை வேறு. எல்லைக்கு இருபுறமும் வைத்தியம் பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது பாலிசியின் ஓரத்தில் இருக்கும் வாசகம் இல்லை, பாலிசியே அதுதான்.

டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும், தாமதத்தால் ஆகும் கூடுதல் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. கவுன்டரில் இதைச் சொன்னால் ஃபைல் கொஞ்சம் வேகமாக நகர்கிறது. சொல்லிப் பார்க்கலாம்.

மதிப்பெண்? ஐந்துக்கு இரண்டு. போன வாரம் எழுதியிருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேன், நேற்றுத்தான் ரெனியூவல் நோட்டீஸ் வந்தது. பாறசாலை தாண்டுகிற யாருக்கும் இந்தப் பாலிசியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பணத்தையும் கட்டப் போகிறேன், ஆனால் இவர்களிடம் இல்லை. அறை வரம்பில்லாத வேறு கம்பெனிக்கு போர்ட் செய்ய, அதாவது பாலிசியை அங்கே மாற்றிக்கொள்ள, விண்ணப்பம் போட்டாயிற்று. காத்திருந்த வருடங்கள் எல்லாம் கூடவே வரும், ஆனால் கெடு தேதிக்குச் சில வாரம் முன்பே கேட்டுவிட வேண்டும். புதியவர்கள் முழங்கால் பற்றி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பிரீமியத்தில் ஏதாவது ஏற்றினால் வந்து சொல்கிறேன்.