மரத்தில் தொங்குவதா, அடுப்படியில் உழைப்பதா?

சமையலில் ஆசையுள்ள ஒருவருக்குக் கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்கலாம் என்று தேடினால் குட்டிக் கரண்டி, குட்டி மிக்சி, தொப்பி போட்ட சமையல்காரர் என்று மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிப் பொம்மைகள்தான் முதலில் கண்ணில் படும். விளையாட்டுச் சாமான் என்று அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணாடி அலங்காரம் வருவதற்கு முன்பே மரத்தில் ஆப்பிளும் கொட்டைகளும் தொங்கின. ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் லவுஷா என்ற ஊர் இருக்கிறது. பரம்பரையாகக் கண்ணாடி ஊதும் ஊர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கேதான் பழங்களையும் கொட்டைகளையும் கண்ணாடியிலேயே ஊதி மரத்தில் தொங்கவிட ஆரம்பித்தார்கள். அடுப்படிக்கும் இந்த மரத்துக்கும் உறவு அவ்வளவு பழையது.

அலங்காரத்தில் என் முன்னால் இருப்பவை மூன்று: ஊதிய கண்ணாடி, உப்பு மாவு, பட்டைப் பொடி.

கண்ணாடிப் பொம்மையின் அழகு அதன் உள்ளே இருக்கிறது. அச்சில் வைத்து ஊதி, உட்புறம் வெள்ளிக் கரைசல் பூசி, வெளியே கையால் வண்ணம் தீட்டுவார்கள். நல்ல வேலைப்பாட்டை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தால் வண்ணத்துக்கு அடியிலிருந்து வெளிச்சம் எழுந்து வருவது தெரியும். பிளாஸ்டிக்கில் இது கிடைக்காது. ஆனால் முட்டை ஓடு மாதிரி மெல்லியது. சின்னக் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டுக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

உப்பு மாவு அலங்காரம் வீட்டிலேயே செய்வது. இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஏறக்குறைய ஒரு கப் தண்ணீர். பிசைந்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அச்சால் வெட்டி, அவனில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைக்க வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். மேலே கல் மாதிரி இருந்தது. அடுத்த வருடம் பெட்டியைத் திறந்தால் நட்சத்திரங்கள் பிசுபிசுவென்று காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதுதான் காரணம். பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்றோ மெத்தென்றோ இருந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. ஆறிய பிறகு இரண்டு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். நாய் வளர்ப்பவர் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து.

என் ஓட்டு பட்டைப் பொடிக்குத்தான். பட்டைப் பொடியை ஆப்பிள் கூழோடு சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, வெட்டி, நாலைந்து நாள் திருப்பித் திருப்பி உலரவிட்டால் போதும். பார்வைக்கு வெறும் பழுப்பு வில்லைதான், கண்ணாடியின் பக்கத்தில் நிற்காது. ஆனால் சமைப்பவருக்கு மூக்குதானே முதல் கருவி! மரத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த வாசனை அவரைத் தொடும்.

சரி, பரிசுக்கு வருவோம். பெரிய மெஷின்களைப் பற்றி ஒரே வரி: அதை வைக்க மேடையில் இடம் இருக்கிறதா என்று அந்த வீட்டாரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

கத்திதான் எல்லோரும் நினைக்கும் பரிசு. தப்பில்லை, ஆனால் செருப்பு மாதிரி அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் கைக்குப் பாந்தமாக இருக்கும் பிடி இன்னொருவருக்கு மணிக்கட்டில் வலியாகும். கார்பன் ஸ்டீல் கூர்மைக்குப் பேர் போனது, ஆனால் ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். எவர்சில்வர் கத்தி பொறுமைசாலி. அவரையே கூட்டிப்போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்ல முடிந்தால் மட்டும் கத்தி.

வார்ப்பிரும்புச் சட்டியா, நான்ஸ்டிக்கா? நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும், தேய்ந்தும் போகும். வார்ப்பிரும்பு எண்ணெய் தடவிப் பழக்கப் பழக்க நன்றாகும். ஆனால் 26 சென்டிமீட்டர் சட்டியே இரண்டு கிலோவைத் தாண்டும். மூட்டுவலி உள்ளவருக்கு அதைக் கொடுப்பது சுமையைக் கொடுப்பதுதான்.

பளபளப்பே இல்லாத இரண்டு பொருள்களை நான் இவற்றுக்கெல்லாம் மேலே வைப்பேன். ஒன்று, டிஜிட்டல் தராசு. ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாகத் தூவினால் 120 கிராம் வரும், அழுத்தி அள்ளினால் 150-ஐத் தொடும். போன வாரம் பஞ்சாக வந்த கேக் இந்த வாரம் கட்டையாகிப் போனதற்கு இந்த 30 கிராமே காரணமாக இருக்கலாம். புதிதாக பேக்கிங் தொடங்கியவருக்கு இதைவிட உதவியான பரிசு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர். கோழிக்கறியின் மிகத் தடித்த பகுதியின் நடுவில் 74 டிகிரி வந்தால் பயமில்லாமல் பரிமாறலாம், வெட்டிப் பார்த்துச் சாற்றை வீணாக்க வேண்டியதில்லை. எல்லாம் வைத்திருக்கிறேன் என்று சொல்பவர் வீட்டிலும் பெரும்பாலும் இது இருக்காது.

தராசையோ தெர்மாமீட்டரையோ வெறும் டப்பாவாக நீட்ட மனம் வராது. அப்போது பட்டை வில்லையை வெட்டிய அச்சையே நல்ல ரிப்பனில் கோத்து, வில்லையோடு சேர்த்து டப்பாவின் மேல் கட்டிக் கொடுங்கள். வில்லை மரத்துக்குப் போகும், அச்சு பிஸ்கட் மாவுக்குப் போகும்.