புரோகிராம் ஃபைல்ஸா, ஆப்டேட்டாவா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. காலையில் முதலாளி போட்ட பில்கள், மாலையில் அதே கணினியில் கணக்குப்பிள்ளையின் லாகினில் காணோம். பில்லிங் மென்பொருள் தன் தரவுக் கோப்பை மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே வைத்திருந்தது. சாதாரணப் பயனர் அங்கே எழுத முடியாது. பழைய 32-பிட் மென்பொருள் எழுதப்போனால், அவரவர் லாகினுக்கென்று தனியாக உள்ள விர்ச்சுவல்ஸ்டோர் என்ற கோப்புறைக்கு, விஸ்டா முதல் விண்டோஸ் சத்தமில்லாமல் திருப்பிவிடும். பில் அழியவில்லை, ஆளுக்கொரு நகலாகப் பிரிந்து கிடந்தது. பாவம், கணக்குப்பிள்ளை பயந்தே போய்விட்டார்.

ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக உள்ள ஆப்டேட்டா கோப்புறையில் இந்தத் தொல்லை இல்லை, தாராளமாக எழுதலாம். ஆனால் அது ஒருவருடைய சொந்த அமைப்புகளுக்குத்தான். கடைக் கணக்கு எல்லோருக்கும் பொது. அதற்கு எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா கோப்புறைதான் சரி. அப்புறம், அங்கே ஒருவர் உருவாக்கிய கோப்பை மற்றவர் திருத்த, நிறுவும்போதே அனுமதி கொடுத்துவைக்க வேண்டும்.